ஒற்றை வழங்கலிற் செயற்பாட்டு விரியலாக்கியின் பயப்பெல்லைகள்: கரைத்தீவின் உவர்நீரை முன்வைத்து ஒரு விளக்கம்

உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயின்ற எவரும் செயற்பாட்டு விரியலாக்கி என்னும் முக்கோணக் குறியீட்டை அறிவர். பெய்ப்புகள் இரண்டு, பயப்பு ஒன்று, திறந்த தட நயம் முடிவிலி, பெய்ப்புத் தடை முடிவிலி, பயப்புத் தடை பூச்சியம். இவை இலட்சிய இயல்புகள் என ஆசிரியர் கூறுவார்; மாணவர் மனனஞ் செய்வர். அம்முக்கோணத்தின் மேலும் கீழும் +15 வோல்ற்று, −15 வோல்ற்று என வலுவைக் கொண்டுவரும் இரு கம்பிகள் உள்ளன. பெரும்பாலான வரிப்படங்களில் அவை வரையப்படுவதேயில்லை. இக்கட்டுரை வரையப்படாத அவ்விரு கம்பிகளைப் பற்றியது. ஆய்வுகூடத்தில் இரண்டும் உண்டு. களத்துக்குச் செல்வோரிடம் ஒரு மின்கலவடுக்கே இருக்கும். எதிர்வோல்ற்றளவுக் கம்பி அங்கே இல்லை. அந்நிலையில் விரியலாக்கியின் பயப்பு எவ்வெல்லைகளுக்குள் நிற்கும் என்பதையும், எல்லையை அது தொடும்போது அளப்பவருக்கு நேர்வது யாது என்பதையும் இங்கு ஆராய்வோம். (பெய்ப்பு, பயப்பு, நயம் என ஈழத்துப் பாடநூல்கள் வழங்குவனவற்றைத் தமிழகத்து வாசகர் முறையே உள்ளீடு, வெளியீடு, பெருக்கம் எனக் கொள்க.)

கருத்தளவில் மட்டும் நின்று இதை விளக்குவதினும் ஓர் இடத்தை முன்வைத்து விளக்குவது பயனுடைத்து. புத்தளத்துக்கு வடக்கே, களப்பின் கரையில் அமைந்த கரைத்தீவை எடுத்துக்கொள்வோம். சுவாமி விபுலாநந்தர் பிறந்த கிழக்கிலங்கைக் காரைதீவு வேறு. ஓரிரு எழுத்துகளே வேறுபாடு. பௌதிகவியலைக் கொண்டு யாழின் சுரங்களை அளந்து, 1947 இல் ‘யாழ்நூல்’ தந்த அப்பெரியாரின் ஊரோடு இதனை மயங்கலாகாது. புத்தளக் களப்பு வடக்கே கடலோடு தொடர்புடையது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொணர்ந்து அதிற் சேர்க்கின்றன. மாரியில் ஆற்றுநீர் வந்து கலக்குமிடத்தில் உவர்ப்பு மிகக் குறையும். கோடையில் நிலைமை மாறும். ஆவியாதல் மிகுந்து, ஆற்றுவரவு ஒடுங்கிவிடின் களப்புநீர் கடல்நீரினும் உவர்ப்பு மிகுந்ததாகும். 1995 இல் ‘அம்பியோ’ ஆய்விதழில் கே. அருளானந்தனும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட கட்டுரை, இக்களப்பை மிகையுவர்ப்புடைய வெப்பவலயக் கழிமுகம் என்றே தலைப்பில் வகுத்தது. இக்கரையோரம் உப்பளங்களுக்குப் பேர் போனது. 1980களிலிருந்து இறால் வளர்ப்புக் குளங்களும் இம்மாவட்டத்திற் பெருகின. கறுப்புப் புலி இறாலுக்கு ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரை உப்பிருத்தல் உவந்தது என்பர். உப்பளத்தாருக்கோ அதன் பத்து மடங்கு வரை செல்லும் அளவுகள் வேண்டும். ஆகவே இங்கு உவர்ப்பு என்பது ஏட்டில் எழுதிவைக்கும் எண் மட்டுமன்று. எப்போது நீரை விடுவது, எப்போது மடையை அடைப்பது என்னும் முடிவுகள் அந்த எண்ணின்மேல் நிற்கின்றன.

உவர்ப்பை அளக்க எளிய வழி நீரின் மின்கடத்துதிறனை அளப்பது. 25 பாகை செல்சியசில் சாதாரண கடல்நீரின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 53 மில்லிசீமன். ஆற்று நன்னீருடையது பெரும்பாலும் 1 இற்குங் குறைவு. சுருக்கங் கருதி இவ்வளவை இனி ‘அலகு’ என்றே குறிப்போம். நீரில் அமிழ்த்திய இரு மின்வாய்களுக்கிடையே சிறிய ஆடலோட்டத்தைச் செலுத்தி, கிடைக்கும் சைகையைச் சீராக்கி, விரியலாக்கியாற் பெருக்கினால், அலகுக்கு இத்தனை மில்லிவோல்ற்று எனப் பயப்பு வரும். ஓர் அலகுக்கு 50 மில்லிவோல்ற்று வரும்படி நயத்தை அமைத்தோம் எனக் கொள்க. கடல்நீருக்கு 2.65 வோல்ற்று; 80 அலகுக்கு 4 வோல்ற்று. வழங்கல் 5 வோல்ற்று. தாளிற் கணக்குப் பிழையில்லை. ஆனால் கருவி 70 அலகுக்கு மேற் காட்டாது. ஏன் என்பதை அறிய, விரியலாக்கியின் பிறப்பைச் சற்று நோக்கவேண்டும்.

‘செயற்பாட்டு விரியலாக்கி’ என்னும் பெயரை நிலைநாட்டியது 1947 இல் ரகாசினி, றண்டல், றசல் ஆகியோர் எழுதிய கட்டுரை. கூட்டல், கழித்தல், தொகையிடல் முதலிய கணிதச் செயற்பாடுகளை வோல்ற்றளவுகளைக் கொண்டு நிகழ்த்தும் ஒப்புமைக் கணிப்பொறிகளுக்கென அமைந்தமையாலேயே அப்பெயர். கணிதத்தில் எதிர் எண்கள் உண்டு. ஆதலால் பயப்பு பூச்சியத்துக்கு மேலும் கீழும் செல்லவேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் பில்பிரிக் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்னும் வெற்றிடக்குழாய் விரியலாக்கிக்கு +300, −300 வோல்ற்று வழங்கல்கள் தேவைப்பட்டன. பயப்போ +50 இலிருந்து −50 வரையே. வழங்கலில் ஆறிலொரு பங்கே பயனுக்கு வந்தது; அதுபற்றி எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. 1968 இல் பெயார்ச்சைல்ட் நிறுவனத்தில் டேவ் புல்லகார் வடிவமைத்த 741 இன்றுவரை பாடநூல்களை ஆள்கிறது. அதுவும் அம்மரபின் குழந்தைதான்: +15, −15 இற்கிடையே பூச்சியம் நடுவில் அமர்ந்திருக்கும், எல்லைகள் இருபுறமும் வெகுதூரத்தில் இருக்கும். எதிர்வழங்கலை எடுத்துவிட்டு அக்கம்பியைப் புவியோடு தொடுத்ததும், நடுவில் இருந்த பூச்சியம் கீழ்ச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நாம் அளக்க விரும்பும் நன்னீர் இருப்பது அந்தச் சுவரடியில்.

விரியலாக்கிக்குச் சொந்தமாக வோல்ற்றளவு எதுவும் இல்லை. பயப்புமுனையை மேற்கம்பியை நோக்கி இழுக்க ஒரு திரான்சிற்றரும், கீழ்க்கம்பியை நோக்கி இழுக்க மற்றொன்றும் உள்ளன. 741 இல் இவ்விரண்டும் காலி வழியே பயப்பைத் தருவன. சிலிக்கன் திரான்சிற்றரின் அடிக்கும் காலிக்குமிடையே 0.6 அல்லது 0.7 வோல்ற்று இருந்தால்தான் அது கடத்தும். அதன் அடியை இயக்கும் சுற்றுக்கும் சிறிது வோல்ற்றளவு வேண்டும். ஆகவே பயப்பு கம்பியைத் தொடுமுன்னரே நின்றுவிடுகிறது. +15, −15 வழங்கலில் 10 கிலோ ஓம் சுமையோடு 741 பொதுவாக +14 முதல் −14 வரை செல்லும் எனவும், குறைந்தபட்சமாக 12 வோல்ற்றே உறுதி எனவும் தரவுத்தாள் கூறும். சுமை 2 கிலோ ஓமாயின் உறுதியளிக்கப்படுவது 10 வோல்ற்றே. 30 வோல்ற்றுப் பரப்பில் இருபுறமும் ஓரிரு வோல்ற்றை இழப்பது பெரிதன்று. 9 வோல்ற்று மின்கலவடுக்கிலோ அதே இழப்பு பரப்பின் பாதியைத் தின்றுவிடும். அன்றியும், 741 இன் பெய்ப்புகளுக்கும் இத்தகைய எல்லை உண்டு: கீழ்க்கம்பிக்கு அண்மையிலுள்ள வோல்ற்றளவை அவை ஏற்கா. புவியைச் சார்ந்த சிறு சைகையை ஒற்றை வழங்கலில் 741 இற்கு நேரே கொடுப்பின் பயப்பு பொருளற்றதாகிவிடும். தொடக்க மாணவர் பலர் 741 ஐயும் ஒரு 9 வோல்ற்று மின்கலவடுக்கையும் வாங்கி, பாடநூற்சுற்றை அப்படியே அமைத்து, அது இயங்காமையால் தம்மையே குறைகூறிக்கொள்கின்றனர். குறை அவர்களிடமன்று, கம்பிகளை வரையாத வரிப்படத்திலேயே அது உள்ளது.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை தேடத் தூண்டியவற்றுள் மோட்டார் வண்டி ஒன்று. வண்டியில் இருப்பது ஒரு 12 வோல்ற்று மின்கலவடுக்கு. அதன் எதிர்முனை வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். இன்னொரு வழங்கலை அங்கே எதிர்பார்க்க இயலாது. நஷனல் செமிகொண்டக்டர் நிறுவனத்தைச் சேர்ந்த றசலும் பிரெடெரிக்சனும் 1972 இல் வெளியிட்ட கட்டுரை மோட்டார் வண்டிக்கும் கைத்தொழிலுக்கும் வேண்டிய இலத்திரனியற் கட்டுறுப்புகளைப் பற்றியது. அவ்வழியில் வந்ததே எல்.எம். 324, ஒரே உறையில் நான்கு விரியலாக்கிகள். இரண்டு மட்டும் உள்ளது எல்.எம். 358. இவை 3 வோல்ற்று முதல் 32 வோல்ற்று வரை ஒற்றை வழங்கலில் இயங்குவன. விலை மிகக் குறைந்தவை. இன்றும் எங்கும் கிடைப்பவை. இவற்றின் பெய்ப்பில் பி.என்.பி. வகைத் திரான்சிற்றர்கள் இருப்பதாற் பூச்சிய வோல்ற்றையும் அவை ஏற்கும். பயப்பும் பூச்சியத்துக்கு மிக அண்மையில் இறங்கும் என்பதே இவற்றின் புகழ். அப்புகழ் முற்றாகப் பொய்யன்று, ஆனால் நிபந்தனைக்குட்பட்டது. அந்நிபந்தனையை நாம் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

முதலில் மேலெல்லை. பயப்பை மேலே இழுக்கும் பகுதியில் இரு திரான்சிற்றர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துள்ளன. இரண்டு சந்திகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.3 வோல்ற்றும், அவற்றுக்கு ஓட்டமளிக்கும் பகுதிக்கு எஞ்சிய சிறு பங்கும் என, வழங்கலிலிருந்து 1.5 வோல்ற்று அளவில் இழக்கப்படும். 5 வோல்ற்று வழங்கலிற் பயப்பின் உச்சம் 3.5 வோல்ற்றுக்கு அண்மையிலேயே நிற்கும். நமது கருவியில் இது 70 அலகு. கிராமக் கணக்கில் ஏறத்தாழ 47. கோடையில் நீர் 50 ஆனாலும், 55 ஆனாலும், 60 ஆனாலும் கருவி 47 என்றே காட்டும். பயப்பை அர்டுயினோ போன்ற பலகையொன்றின் பத்துத் துவித இலக்க மாற்றிக்குக் கொடுத்தால், 0 முதல் 1023 வரை வரவேண்டிய எண் 716 இற்கு அண்மையில் நின்றுவிடும். அதனை வரைபாக்கிப் பார்ப்பவர், உவர்ப்பு ஏறி, பின்னர் ஒரு சமநிலையை அடைந்துவிட்டது என்று எழுதக்கூடும். மேசைநிலம்போற் படுத்திருக்கும் அவ்வரைபுக்கு ஆவியாதலையும் நீர்ப்பரிமாற்றத்தையும் கொண்டு நல்லதொரு விளக்கமும் தரலாம், அதுதான் ஆபத்து.

கீழெல்லை இதனினும் நுட்பமானது. பயப்பைக் கீழே இழுக்கும் பி.என்.பி. திரான்சிற்றர் வலுவானது. ஆனால் அதுவும் காலி வழியே தருவதாகையால், பயப்பு 0.6 அல்லது 0.7 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கும்போது அது கைவிட்டுவிடும். அதன்கீழ் இழுப்பதற்கு எஞ்சியிருப்பது உள்ளே அமைந்த சிறியதோர் ஓட்டமுதல்; அதன் வலிமை ஏறத்தாழ 50 மைக்குரோ அம்பியர், உறுதியளிக்கப்படுவது 12 மட்டுமே. 10 கிலோ ஓம் தடையொன்று பயப்பிலிருந்து புவிக்குத் தொடுக்கப்பட்டிருப்பின், அத்தடையும் சேர்ந்து கீழே இழுக்கும். அப்போது பயப்பு பொதுவாக 5 மில்லிவோல்ற்று வரையும், தவறின் 20 மில்லிவோல்ற்று வரையும் இறங்கும் எனத் தரவுத்தாள் வாக்களிக்கிறது. 20 மில்லிவோல்ற்று நமக்கு 0.4 அலகு; பொறுக்கலாம். அதே 10 கிலோ ஓம் தடை புவிக்கன்றி 5 வோல்ற்றுக் கம்பிக்குத் தொடுக்கப்பட்டிருந்தாலோ, ஏறத்தாழ அரை மில்லி அம்பியர் பயப்பினுட் பாய முற்படும். 50 மைக்குரோ அம்பியருக்கு இது பத்து மடங்குச் சுமை. பயப்பு 0.6 வோல்ற்றிலேயே தொங்கிநிற்கும். நமது அளவில் அது 12 அலகு; அதாவது கிலோகிராமுக்கு 7 கிராம் உப்பு. கலா ஓயாவின் வெள்ளநீரையே நேரே கருவிக்குள் ஊற்றினாலும் அது 7 என்றே கூறும். இரு சுற்றுகளிலும் உறுப்புகள் ஒன்றே. ஒரு தடையின் மறுமுனை எங்கே தொடுக்கப்பட்டது என்பது மட்டுமே வேறு.

பின்னூட்டத் தடைகளும் இவ்வாறு மறைவாகச் சுமையாகலாம். பாதி வழங்கலிலுள்ள மேற்கோள் வோல்ற்றளவொன்றுக்கு அவை தொடுக்கப்பட்டிருந்தால், பயப்பு கீழே வரும்போது அவற்றினூடாகவும் ஓட்டம் உட்பாயும். தரவுத்தாளில் ‘பயப்பு பூச்சியம் வரை செல்லும்’ என்னும் வரியை வாசிப்போர், அதனருகே சிறிய எழுத்தில் உள்ள சுமைபற்றிய குறிப்பையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். எல்லை என்பது விரியலாக்கியின் தனிச்சொத்தன்று; அதனோடு தொடுக்கப்பட்டவற்றுக்கும் அதிற் பங்குண்டு.

இதுவரை வழங்கல் மாறாதது என்று கொண்டோம். கரையில் அவ்வாறன்று. களப்பின் மேலைக்கரையில், நுரைச்சோலையில், 2011 முதல் படிப்படியாக எழுந்த 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கிறது. ஆயினும் நீரில் மிதக்கும் ஓர் அளவுகருவிக்கு வாய்ப்பது அதனுள்ளே இருக்கும் மின்கலவடுக்கே. 9 வோல்ற்று வடுக்கொன்று தன் வாழ்நாளில் 9 இலிருந்து 6 வோல்ற்று வரை தளர்ந்துசெல்லும். இடையிற் சீராக்கி எதுவுமின்றி விரியலாக்கியை அதனோடு நேரே தொடுத்து, ஓர் அலகுக்கு 100 மில்லிவோல்ற்று என நயத்தை அமைத்தோம் எனக் கொள்வோம். நீர் மாறாமல் 65 அலகில் நிற்கிறது, பயப்பு 6.5 வோல்ற்று. புதிய வடுக்கில் உச்சம் 7.5, எனவே அளவு சரி. வடுக்கு 7.5 வோல்ற்றுக்கு இறங்கியதும் உச்சம் 6. கருவி 60 எனக் காட்டும். வடுக்கு 7 ஆனதும் 55. நாள்தோறும் சிறிது சிறிதாக இறங்கும் இவ்வரைபைப் பார்ப்பவர், கடல்நீரோ ஆற்றுநீரோ களப்பினுட் புகுந்து உவர்ப்பைத் தணிக்கிறது என்றே எண்ணுவர். உண்மையில் தணிந்தது மின்கலவடுக்கு. அசையாது நிற்கும் எண் கூர்ந்து நோக்குபவரிடம் ஐயத்தையேனும் எழுப்பும். மெல்ல இறங்கும் எண் அதனையும் எழுப்பாது. நம் மதிப்பில் இவ்வெல்லைகளுள் மிகக் கொடியது இந்த அசையும் உச்சமே. இரண்டாவது கருவியொன்றை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வசதியுள்ள நிறுவனத்தை இது அவ்வளவாகப் பாதிக்காது. ஒரே கருவியை நம்பி மடையைத் திறப்பவரின் குளத்தையே இது பாதிக்கும்.

புதிய தலைமுறை விரியலாக்கிகள் இவ்விடரைப் பெரிதும் குறைத்துவிட்டன. 1970களின் பிற்பகுதியிலேயே பொப் விட்லர் 1.1 வோல்ற்றில் இயங்கும் எல்.எம். 10 ஐ ஆக்கினார். பின்னர் வந்த சி.மொஸ் வகைகள் ‘தண்டவாளத்திலிருந்து தண்டவாளம் வரை’ என்னும் விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தன. வழங்கற் கம்பிகளைப் பொறியியலாளர் தண்டவாளம் என்பது வழக்கம். இவற்றிற் பயப்பு காலி வழியே வருவதில்லை; மேலும் கீழும் உள்ள திரான்சிற்றர்கள் ஆளிகள்போல் நேரே கம்பியோடு இணைக்கின்றன. ஆயினும் மூடிய ஆளிக்கும் தடையுண்டு. அது 100 ஓமாயின், 1 மில்லி அம்பியர் சுமையில் 100 மில்லிவோல்ற்று இழப்பு. சுமை பத்திலொன்றானால் இழப்பும் பத்திலொன்றாகும். எம்.சி.பி. 6002 என்னும் மலிவான உறுப்பு 10 கிலோ ஓம் சுமையோடு இரு கம்பிகளுக்கும் 25 மில்லிவோல்ற்று அண்மை வரை செல்லும் எனத் தரவுத்தாள் உறுதி கூறுகிறது. ஆனால் அதன் வழங்கல் 6 வோல்ற்றைத் தாண்டலாகாது. 12 வோல்ற்று வடுக்கோடு நேரே தொடுப்பின் அழிந்துவிடும். இன்னொன்று: சில உறுப்புகளிற் பயப்பு மட்டுமே தண்டவாளம் வரை செல்லும்; பெய்ப்பு செல்லாது. விளம்பரம் இவ்விரண்டையும் ஒரே சொல்லிற் கூறிவிடுவதுண்டு.

உறுப்பை மாற்றாமலே செய்யத்தக்கன சில உள. −5 வோல்ற்றை ஆக்கித்தரும் ஐ.சி.எல். 7660 போன்ற மாற்றியொன்றைச் சேர்த்து, இழந்த எதிர்வழங்கலை மீட்கலாம். அதற்கு மின்கலவடுக்கு சிறிது கூலி கேட்கும். மாற்றியின் ஆளியிரைச்சலும் சைகையிற் கலக்கலாம். நாம் விரும்புவது வேறு வழி. பூச்சியத்தைச் சுவரடியிலிருந்து சற்று உயர்த்திவிடுவதே அது. கைத்தொழிற் கருவிகளில் இது நெடுநாளைய வழக்கம். அங்கே சைகை 0 இலிருந்து தொடங்குவதில்லை. 4 மில்லி அம்பியரிலிருந்து 20 வரை செல்லும். 250 ஓம் தடையில் அது 1 வோல்ற்று முதல் 5 வோல்ற்று வரை ஆகும். 4 என்றால் அளக்கப்படும் பொருள் பூச்சியம். 0 என்றால் கம்பி அறுந்துவிட்டது. இன்மைக்கும் பழுதுக்கும் இருவேறு எண்களை ஒதுக்கியமையே அதன் சிறப்பு.

நமது கருவியிலும் அவ்வாறே செய்யலாம். சீராக்கிய 5 வோல்ற்று வழங்கலும் எல்.எம். 358 உம் இருக்கட்டும். பூச்சிய உவர்ப்புக்கு 0.8 வோல்ற்று, அதன்மேல் அலகுக்கு 25 மில்லிவோல்ற்று. கடல்நீருக்கு 2.125 வோல்ற்று வரும். 100 அலகுக்கு 3.3 வோல்ற்று. கீழே 0.6 இற்கும் மேலே 3.5 இற்கும் இடையில் முழுப்பரப்பும் அடங்கிவிடுகிறது. அலகுக்குரிய வோல்ற்றளவு பாதியாகக் குறைந்தமை உண்மையே. ஆயினும் பத்துத் துவித இலக்க மாற்றியின் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று, அது 0.2 அலகு. களப்பு வேலைக்கு இந்நுண்மை போதும். 0.8 இற்குக் கீழோ 3.3 இற்கு மேலோ வரும் எந்த எண்ணையும் அளவீடாகக் கொள்ளாது தனியே குறித்துவைக்கவும் இயலும். உப்பளத்தின் செறிந்த உவர்நீர்க்கு இப்பரப்புப் போதாது. நிரம்பிய உப்புக்கரைசல் 250 அலகை அண்மிப்பதால் அதற்கு வேறு நயம் வேண்டும்.

முன்னரே கட்டப்பட்ட கருவியொன்று கையிலிருப்பின் அதனை எவ்வாறு சோதிப்பது? எதிர்ப்பின்னூட்டம் சரியாக இயங்கும்வரை விரியலாக்கியின் இரு பெய்ப்புகளும் ஏறத்தாழ ஒரே வோல்ற்றளவில் இருக்கும் எனப் படித்துள்ளோம். பயப்பு எல்லையைத் தொட்டதும் அவ்விதி முறியும். ஆதலால் அளக்கும்போதே இரு பெய்ப்புகளுக்குமிடையே பல்மானியை வைத்துப் பார்க்கலாம்; சில மில்லிவோல்ற்றுக்கு மேல் வேறுபாடு தோன்றின் பயப்பு நிரம்பிவிட்டது என்பது பொருள். கருவியைத் திறக்க வழியில்லாதோர் இரு போத்தல்களைக் கொண்டு சோதிக்கலாம். ஒன்றிற் கோடைக் களப்புநீர். மற்றதில் அந்நீரையே மூன்று பங்கெடுத்து, காய்ச்சிவடித்த நீர் ஒரு பங்கு கலந்தது. இரண்டுக்கும் ஒரே எண் வருமாயின் முதலெண்ணை ஏட்டிலிருந்து நீக்கவேண்டும். கீழெல்லைக்குக் காய்ச்சிவடித்த நீர் மட்டும் போதும். இச்சோதனையைப் புதிய மின்கலவடுக்கோடு ஒருமுறையும், மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிட்ட பழைய வடுக்கோடு இன்னொரு முறையும் செய்தல் வேண்டும்.